குழியா, பள்ளமா, ஒடுக்கா? மலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

கோத்தகிரிக்கு நான் வேலைக்கு வந்த இரண்டாவது வாரம், தேயிலை ஃபேக்டரிக்குப் பின்னால் ஒரு லாரியின் பின்சக்கரம் மழையில் ஊறிய மண்ணில் இறங்கி நின்றுவிட்டது. ஓடிப்போய் சூப்பர்வைசரிடம், “சார், லாரி கெடங்குல மாட்டிக்கிச்சு” என்றேன். நான் திருநெல்வேலிப் பக்கத்து ஆள், எங்களுக்குக் கெடங்கு என்றால் குழி. அவர் கோயம்புத்தூர்க்காரர், அவருக்குக் கிடங்கு என்றால் குடோன். சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு நிதானமாக குடோனுக்கு நடந்தார், பூட்டைத் திறந்தார், மூட்டைகளைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். இத்தனைக்கும் பழைய நூல்களில் கிடங்கு என்றால் கோட்டையைச் சுற்றி வெட்டிய அகழி, அந்தக் கணக்கில் நான்தான் ஒரிஜினல் பொருளுக்குப் பக்கத்தில் நின்றேன், ஆனால் அதை அவரிடம் அன்றைக்குச் சொல்லக்கூடிய நிலைமையில் நான் இல்லை.

இப்போது பதினைந்து வருஷம் ஆகிவிட்டது. வேலைக்கோ விவசாயத்துக்கோ ஹோம்ஸ்டே நடத்தவோ புதிதாக மேலே ஏறி வருகிறவர்கள் அதே மாதிரி மாட்டிக்கொள்வதைப் பார்க்கிறேன். தமிழ் தெரியாதவர்கள் இல்லை, நன்றாகத் தெரிந்தவர்கள்தான். அகராதியில் குழி, பள்ளம், பொந்து, துளை, மடு, குடைவு எல்லாம் ஒரே வரியில் காற்புள்ளி போட்டு நிற்பதால், ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போடலாம் என்று தோன்றிவிடுகிறது. போட முடியாது. இந்தச் சொற்களை அளவு பார்த்துப் பிரிக்காதீர்கள், அந்தத் தாழ்வு எப்படி வந்தது என்று பாருங்கள்: யாராவது தோண்டினார்களா, இடிபட்டு நசுங்கியதா, தண்ணீர் அறுத்ததா, உள்ளே ஏதாவது குடியிருக்கிறதா. இந்தக் கேள்விகளை வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனால் சரியான சொல் தானாக வாயில் வந்து நிற்கும். அந்த வரிசையில்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

முதல் படி: ஏதாவது வெளியே வந்ததா, இல்லை உள்ளே போனதா?

மண்ணோ கல்லோ மரமோ, அதில் இருந்து கொஞ்சம் எடுத்து வெளியே போட்டதால் வந்தது குழி. தேயிலை நாற்று வைக்க ஒரு அடி அகலம், ஒன்றரை அடி ஆழம் என்று எடுப்பார்களே, அது குழி. எருக்குழி, குப்பைக்குழி, உறிஞ்சுகுழி எல்லாம் அந்த வகை. குழிக்கு ஒரு வேலை இருக்கும், பெரும்பாலும் ஒரு வடிவமும் இருக்கும். அதனால்தான் சமையல்கட்டிலும் அது மரியாதையாக உட்கார்ந்திருக்கிறது: குழிக்கரண்டி, குழிப்பணியாரம், உரல்குழி. பல்லாங்குழிப் பலகையில் பக்கத்துக்கு 7 வீதம் 14 குழி. முட்டைக்கோஸ் நாற்று வாங்க நர்சரிக்குப் போனால் “எத்தனை குழித்தட்டு வேணும்?” என்பார்கள். ஒரு தட்டில் 98 குழி இருப்பதுதான் இங்கே வழக்கம், அதனால் ஆயிரம் நாற்று என்று சொல்லிவிட்டு வீட்டில் வந்து எண்ணிப் பார்த்துக் கோபப்படாதீர்கள்.

எதுவும் வெளியே வரவில்லை, பொருள் அப்படியே இருக்கிறது, ஆனால் ஒரு இடம் மட்டும் உள்ளே போய்விட்டது என்றால் அது ஒடுக்கு. குடம், தவலை, தூக்குவாளி, சிலிண்டர், கார் கதவு, எதுவானாலும் உலோகமாக இருக்கும்வரை ஒடுக்குதான். ‘குடத்தில் குழி விழுந்துவிட்டது’ என்று யாராவது சொன்னால், தமிழ் படித்து வந்தவர் என்று தெரிந்துவிடும்.

ஒடுக்கைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒன்றை எடுப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். என் மனைவியின் பாட்டி கொடுத்த பித்தளைக் குடம், திண்ணைச் சுவரில் காய வைத்திருந்ததைக் குரங்கு தள்ளிவிட்டுப் படிக்கட்டு முழுக்க உருண்டது. இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஒடுக்கு. குன்னூர் மார்க்கெட் பக்கம் ஒரு பாத்திரப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். போன உடனே என் ஊர் வழக்கத்தில், “அண்ணே, இந்தச் சொட்டையை எடுக்கணும்” என்றேன். அவர் மங்கி குல்லாவைக் கழற்றித் தலையைக் காட்டி, “இதையா தம்பி?” என்றார். சொட்டை என்றால் ஒடுக்கு என்றும் பொருள் உண்டு, வழுக்கை என்றும் உண்டு, எதிரே இருப்பவரின் தலையைப் பார்த்துவிட்டுப் பேச வேண்டும் என்று அன்றைக்குக் கற்றேன்.

அவர் செய்த வேலை இப்படி. மரக்கட்டையில் அடித்து இறுக்கிய ஒரு நீளமான இரும்புக் கம்பி, அதன் நுனி எலுமிச்சம்பழம் மாதிரி உருண்டை. குடத்தின் வாய் வழியாக அந்தக் கம்பியை உள்ளே விட்டு, ஒடுக்கு சரியாக உருண்டையின் மேல் உட்காரும்படி குடத்தைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். கையில் கொட்டாப்புளி, அதாவது மரச்சுத்தியல். நான் எதிர்பார்த்த மாதிரி நடுவில் தட்டவே இல்லை. ஓரத்தில் ஆரம்பித்து, குடத்தை அங்குலம் அங்குலமாகத் திருப்பி, சுற்றிச் சுற்றி உள்நோக்கி வந்தார். ஒவ்வொரு நாலைந்து தட்டுக்கும் ஒருமுறை கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார், கண்ணால் பார்ப்பதில்லை. ஏன் நடுவில் அடிக்கவில்லை என்று கேட்டேன். “அங்க அடிச்சா பித்தளை நீண்டுரும் தம்பி. அப்புறம் நீ எடுத்து வச்சாலும் டொப்பு டொப்புனு உள்ள போயிட்டு வெளிய வந்துட்டு இருக்கும்.” அரைமணி நேரத்தில் ஒடுக்கு போய்விட்டது. வெயிலில் சாய்த்துப் பிடித்தால் மட்டும் அந்த இடத்தில் வெளிச்சம் கொஞ்சம் அலைந்து போகும்.

இதன் உறவுக்காரச் சொற்களும் உண்டு, ஆனால் ஒவ்வொன்றும் வேறு சேதத்தைச் சொல்கிறது. தட்டின் விளிம்பு வளைந்துபோனால் நெளிசல். டம்ளர் இரண்டு பக்கமும் ஒட்டும்படி மிதிபட்டால் நசுங்கல், அது தாண்டிப் போனால் சப்பை, அதற்குப் பிறகு ‘ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்’காரர்தான். டொக்கு என்று சொல்வது ஒடுக்குக்குப் பேச்சுவழக்கு, குடத்துக்கும் பொருந்தும் மெலிந்த கன்னத்துக்கும் பொருந்தும். மெத்தையோ ஈரமண்ணோ கை வைத்தால் உள்ளே போனால் அமுங்குகிறது என்போம், அதை ஒடுக்கு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். விளிம்பில் ஒரு துண்டு பெயர்ந்த மண்சட்டி மூளி. கார்க் கதவு ஒடுங்கினால் பட்டறையில் போய் “டிங்கரிங் பண்ணணும்” என்றால் போதும், தூய தமிழில் விளக்கினால் ரேட் ஏறிவிடும்.

அம்மியில் புள்ளி புள்ளியாக இருக்கிறதே, அது? குழியும் இல்லை ஒடுக்கும் இல்லை, கொத்து. தேய்ந்து வழுவழுப்பாகிவிட்ட அம்மியை உளியால் பொளிந்து திரும்பச் சொரசொரப்பாக்குவதுதான் அம்மி கொத்துவது. வேண்டுமென்று போட்ட காயம்.

இரண்டாம் படி: மறுபக்கம் தெரிகிறதா?

தெரிந்தால் பேச்சே வேறு. ஓட்டை. மழைக்காலத்தில் தகரக் கூரையில், தண்ணீர்த் தொட்டியில், மழைக்கோட்டில், எல்லாவற்றிலும் ஓட்டைதான். துணியில் சின்னதாக இருந்தால் பொத்தல், நீளமாக இழுத்திருந்தால் கிழிசல். துளை என்றால் யாரோ கருவி வைத்துப் போட்டது என்ற ஒலி வருகிறது, சுவரில் டிரில் வைத்துப் போடுவது துளை, எலி கடித்தது ஓட்டை. துவாரம் என்பது எழுத்துக்கு நல்லது, பேச்சில் ‘மூக்குத் துவாரம்’ தாண்டி அதிகம் வராது. கடைக்காரரிடம் “இந்த பக்கெட்டில் துவாரம் இருக்கிறதா?” என்று கேட்காதீர்கள்.

ஓட்டைக்கு நம் ஊரில் பெரிய அவமானம் ஒன்றும் கிடையாது. ஓட்டைச் சட்டியானாலும் கொழுக்கட்டை வெந்தால் சரி என்றுதானே சொல்லி வைத்திருக்கிறார்கள்.

மூன்றாம் படி: உள்ளே யார்?

கை விடுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி. மரத்தில் இருப்பது பொந்து. அணிலோ ஆந்தையோ தேனீயோ இருக்கலாம், காலியாகவும் இருக்கலாம், ஆனால் பொந்து என்ற சொல்லிலேயே யாரோ வந்து தங்குவார்கள் என்ற எதிர்பார்ப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. தரையில் எலியும் நண்டும் போட்டது வளை. பாறை இடுக்கில், கரைமண்ணில் பாம்பு கீரி போகிற மாதிரி இருப்பது எங்கள் பக்கத்தில் வங்கு. கறையான் கட்டியது புற்று, அது மேட்டுக்கு உள்ளே இருக்கும் ஓட்டை என்பதால் இந்தப் பட்டியலில் சேர்க்கலாமா வேண்டாமா என்று எனக்கே சந்தேகம், ஆனால் அதிலும் பாம்பு வந்து குடியிருக்கும் என்பதால் சேர்த்துவிட்டேன்.

என் மனைவிக்குப் பண்ணைக்காடு, கீழ்ப்பழனி மலை. அங்கே மழைக்கு ஆளே ஒதுங்கி நிற்கலாம் போன்ற பாறைக் குடைவைப் பொடவு என்பார்கள். முதல்முறை மாமியார், “மழ வந்தா அந்தப் பொடவுல ஒதுங்கிக்கங்க மாப்ளே” என்றபோது புடவை என்று கேட்டு, நான் எதற்குப் புடவையில் ஒதுங்க வேண்டும் என்று முழித்தேன்.

நான்காம் படி: பள்ளம் என்று சொன்னவர் எந்த ஊர்?

இதுதான் புதியவர்களை அதிகமாகத் தடுக்கி விழச் செய்கிற சொல், அதனால் மெதுவாகப் போவோம்.

சமவெளியில் பள்ளம் என்றால் சுற்றி இருப்பதைவிடத் தாழ்ந்த இடம், அவ்வளவுதான். மேடு பள்ளம் என்று ஜோடியாக வரும். யாரும் வெட்டியிருக்க வேண்டியதில்லை. தோண்டியது குழி, தாழ்ந்து கிடப்பது பள்ளம் என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டால் முக்கால்வாசி சரியாக வரும். ஆனால் கொங்குப் பக்கத்து ஆள் பள்ளம் என்றால், பல நேரம் ஓடையைச் சொல்கிறார். மழை பெய்தால் தண்ணீர் வரும், மற்ற நாளில் மணலும் கல்லுமாகக் கிடக்கும், இரண்டு நிலையிலும் அதற்குப் பெயர் பள்ளம்தான். “பள்ளத்துல தண்ணி போவுதுங்க” என்றால் ரோட்டுக் குழியில் தண்ணீர் தேங்கியிருக்கிறது என்று அர்த்தம் இல்லை, ஓடை ஓடுகிறது, வண்டியை இறக்காதே என்று அர்த்தம். நீலகிரியின் வடக்குச் சரிவில் மோயாற்றில் போய்ச் சேரும் சீகூர் ஹள்ளாவைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கன்னடத்தில் ஹள்ள என்றால் ஓடை. நம் பள்ளம்தான் அங்கே பகரம் ஹகரமாகி நிற்கிறது, பால் ஹாலு ஆன மாதிரி. படுகர் ஊர்ப்பக்கமும் இந்த ஹள்ள காதில் விழும். ஆக, மேலே வந்த பிறகு பள்ளம் என்ற சொல்லுக்குள் தண்ணீர் இருக்கலாம் என்று எப்போதும் ஒரு சந்தேகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வீட்டு விசேஷத்துக்குக் கட்டபெட்டுப் பக்கம் போனேன். வழி கேட்டதற்கு, “பள்ளம் தாண்டி ரெண்டாவது திருப்பம்” என்றார்கள். நான் ரோட்டில் குழியைத் தேடிக்கொண்டே போனேன். அந்த ரோட்டில் குழிக்கு என்ன பஞ்சம்? ஒவ்வொன்றாகத் தாண்டி ஒவ்வொரு இரண்டாவது திருப்பத்திலும் திரும்பிப் பார்த்துவிட்டு, கடைசியில் போய்ச் சேர்ந்தபோது பந்தி முடிந்திருந்தது. அவர்கள் சொன்னது ஒரு சின்னக் கல்வெர்ட்டுக்குக் கீழே சத்தம் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த ஓடையை.

பழனி மலைப் பக்கம் வந்தால் இன்னும் இரண்டு சொல் வேண்டும். மூன்று பக்கம் மலை சூழ்ந்து ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்கும் தாழ்வு, கோம்பை. திண்டுக்கல், தேனி மாவட்டங்களில் ஊர்ப்பெயராகவே நிறைய இருக்கிறது. கொடைக்கானல் பக்கத்துப் பள்ளங்கி கோம்பையில் பள்ளமும் கோம்பையும் ஒரே பெயரில் தோள்மேல் கைபோட்டு நிற்கின்றன. கோம்பைக்குள் காற்று குறைவு, தண்ணீர் நிற்கும், விவசாயம் நன்றாக வரும், வெளியே வர ஒரே வழி. இன்னொரு சொல் கெவி. எட்டிப் பார்த்தால் அடிவயிறு கூசுமே அந்த மாதிரி ஆழமான பள்ளத்தாக்கு அல்லது குகை. வட்டக்கானலில் இருந்து டால்பின் நோஸ் தாண்டிக் கீழே இறங்கினால் வருகிற வெள்ளகெவி ஊர்ப்பெயரில் அது இருக்கிறது, வெள்ளகவி என்றும் எழுதுகிறார்கள். புதிய சொல்லாகத் தோன்றினால், சர்ச் வாசலில் மாதா கெபி பார்த்திருப்பீர்களே, அந்தக் கெபிதான் இது. பெரிய பள்ளத்தாக்கைக் காட்டி “குழி” என்று சொன்னால் சிரிப்பார்கள், கெவியைப் பள்ளம் என்று நினைத்து ஓரமாக நின்று செல்ஃபி எடுத்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

வீட்டுமனை, தோட்டம் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. “இடம் கொஞ்சம் பள்ளமா இருக்கும் சார்” என்று தரகர் போகிற போக்கில் சொன்னால், மழைத்தண்ணீரை மட்டும் நினைக்காதீர்கள், பனியையும் நினையுங்கள். குளிர்ந்த காற்று கனமானது, இரவில் சரிவு வழியாக வழிந்து இறங்கிப் பள்ளமான இடத்தில் குளம் மாதிரி தேங்கி நிற்கும். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி என்று செய்தி வரும்போதெல்லாம் தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் என்று அதே பெயர்கள் வருவதைக் கவனித்திருப்பீர்கள், எல்லாம் தாழ்வான இடங்கள். மேட்டில் இருக்கும் பக்கத்துத் தோட்டம் பச்சையாக இருக்க, உங்கள் பள்ளத்தில் மட்டும் தேயிலைக் கொழுந்து கருகிக் கிடக்கும்.

ஐந்தாம் படி: தண்ணீர் நிற்கிறதா?

நின்றால் சொல் மாறும். மழைத்தண்ணீர் தேங்கிக் கலங்கலாக நின்றால் குட்டை. பாறையில் ஊறித் தெளிவாக நின்றால் சுனை. ஆற்றின் நடுவில், மேலே அமைதியாகவும் கீழே ஆழமாகவும் இருந்தால் மடு, அல்லது கசம். கசம் என்பதைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைத் தெரியாமல் உயிரை விட்டவர்கள் உண்டு. பழைய தமிழில் ஆழமான நீர்நிலைக்குக் கயம் என்று பெயர், உயரம் உசரம் ஆன மாதிரி கயம் கசம் ஆனது. கொடைக்கானல் மலையடிவாரத்தில், பெரியகுளம் பக்கம் இருக்கும் கும்பக்கரை அருவிக்குப் போனால் பாறையைத் தண்ணீரே குடைந்து குடைந்து உண்டாக்கிய ஆழக்குழிகளுக்கு யானைக் கஜம், பாம்புக் கஜம் என்றெல்லாம் பெயர் சொல்வார்கள். கஜம் என்றால் யானை, பாம்புக்கு எப்படி யானை வந்தது என்று யோசிக்காதீர்கள், அது கசம் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். மேலே இருந்து பார்த்தால் முழங்கால் ஆழம் மாதிரி தெரியும், ஓரம் பாசி பிடித்து வழுக்கும், உள்ளே ஆளை முழுங்கும். யாராவது உள்ளூர்க்காரர் “அங்க கசம் இருக்கு” என்றால் மறுபேச்சு வேண்டாம், இந்தப் பக்கமே குளித்துவிட்டு வாருங்கள்.

ஆறாம் படி: சந்தையிலும் ஆஸ்பத்திரியிலும்

சந்தை சுலபம். பழத்தில் ஒரு இடம் மெத்தென்று உள்ளே போயிருந்தால் அதை ஒடுக்கு, குழி என்றெல்லாம் சொல்வதில்லை, ‘அடி’ என்பார்கள். “அடிபட்ட பேரிக்கா தனியா இருக்குங்க, பாதி விலை.” பிளம்ஸுக்கும் அப்படியே. உள்ளே புழு போயிருந்தால் சொத்தை. உருளைக்கிழங்கில் இருக்கும் சின்னச் சின்னப் பள்ளம் சேதமே இல்லை, அது கண், முளை அங்கேதான் வரும். விதைக்கிழங்கு வெட்டும்போது துண்டுக்கு இரண்டு கண்ணாவது இருக்க வேண்டும் என்று பார்ப்பார்கள். புதிதாக வந்த நண்பர் ஒருவர் இந்தக் கண்ணைக் காட்டி, பூச்சி கடித்த கிழங்கு என்று சண்டை போட்டிருக்கிறார்.

உடம்புக்கு வந்தால் குழி மறுபடி ராஜா. கன்னக்குழி, கண்குழி, தொண்டைக்குழி, நெஞ்சுக்குழி, தொப்புள்குழி, கைக்குழந்தையின் உச்சிக்குழி. யாரும் தோண்டவில்லையே என்றால், பிறவியிலேயே அமைந்த வடிவம் என்பதால் குழி. பின்னால் வந்த சேதம் என்றால் கன்னம் டொக்கு விழுந்தது என்கிறோம். ஒரே கன்னத்தில் கன்னக்குழி விழுந்தால் அழகு, டொக்கு விழுந்தால் “சாப்பிடறியா இல்லையா?” என்று விசாரணை.

டாக்டரிடம் சொல்லும்போது இரண்டு விஷயத்தில் மட்டும் சொல் சரியாக இருக்க வேண்டும். கால் வீங்கியிருந்தால், விரலால் அமுக்கிப் பாருங்கள், எடுத்த பிறகும் பள்ளம் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறதா என்று. நின்றால் “அமுக்கினா குழி விழுது டாக்டர்” என்று அப்படியே சொல்லுங்கள். வெறுமனே வீக்கம் என்பதைவிட அது அவருக்கு அதிகம் சொல்லும், உடம்பில் நீர் கோர்ப்பது வேறு, அடிபட்ட வீக்கம் வேறு. இன்னொன்று, வயிற்றுப்போக்கு, வாந்தி எடுத்த கைக்குழந்தைக்கு உச்சிக்குழி வழக்கத்தைவிட உள்ளே போயிருந்தால் அது உடம்பில் தண்ணீர் குறைந்ததன் அடையாளம், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல் அப்போதே தூக்கிக்கொண்டு ஓட வேண்டியது. மலையில் குளிருக்குப் பயந்து இரவில் கிளம்பத் தயங்குவார்கள், இதற்குத் தயங்கக் கூடாது.

பல்லில் இருப்பது குழி இல்லை, சொத்தை. குதிகாலில் வருவது வெடிப்பு. முதல் பனிக்காலத்தில் உங்களுக்கும் வரும், தேங்காய் எண்ணெய் வாங்கி வையுங்கள்.

ஏழாம் படி: ரோடு

கடைசியாக வைத்ததற்குக் காரணம், இங்கே தப்பான சொல் ஆபத்து.

ரோட்டில் தார் பெயர்ந்து போய் இருப்பது குழி. ரோடு முழுக்க அப்படி இருந்தால் குண்டும் குழியும், பத்திரிகைக்காரர்கள் அதற்கு மேல் வேறு சொல் தேடுவதே இல்லை, தேவையும் இல்லை. ரோட்டோரமாக மழைத்தண்ணீர் போக வெட்டியது வாய்க்கால் அல்லது சாக்கடை, ஆனால் தோட்டத்துப் பக்கம் பலர் அதைக் கான் என்பார்கள். 1964ல் சிரிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் போட்ட பிறகு இலங்கைத் தோட்டங்களில் இருந்து வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் நீலகிரியில் ஏராளம், அவர்களுக்காகவே தொடங்கிய அரசுத் தோட்டமான டான்டீயில் இன்றைக்கும் “கான் வெட்டப் போறோம்” என்றால் தேயிலை வரிசைக்கு நடுவே தண்ணீர் வடிய வெட்டப் போகிறார்கள் என்று பொருள். கொடைக்கானலில் இருக்கும் கானலுக்கும் இதற்கும் முடிச்சுப் போடாதீர்கள். கூடலூர், மசினகுடிப் பக்கம் காட்டோரத்தில் ஆள் உயரத்துக்கு மேல் ஆழமாக, நீளமாக வெட்டிக் கிடப்பது கான் இல்லை, யானை வராமல் இருக்க வனத்துறை வெட்டிய அகழி. அதில் உங்கள் ஸ்கூட்டர் இறங்கினால் ஏற்றுவதற்கு ஜேசிபிதான்.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரிந்த குழி. கவனிக்க வேண்டியது வேறு. டிரைவர்கள் “ரோடு இறங்கியிருக்கு” என்பார்கள், செய்தியில் ‘சாலை உள்வாங்கியது’ என்று வரும். தார் உடையாமல் இருக்கும், பார்த்தால் லேசான தாழ்வு மாதிரிதான் இருக்கும், ஓரத்தில் அரைவட்டமாக ஒரு விரிசல் ஓடும். அடியில் மண் நகர்ந்துவிட்டது, மேலே தார் மட்டும் பாய் விரித்த மாதிரி கிடக்கிறது. புதிதாக வந்தவர்கள் இதையும் குழி என்று நினைத்து, வேகத்தைக் குறைத்து, ஓரமாக ஒதுக்கி ஓட்டிப் போகிறார்கள். ஓரமாகத்தான் போகக் கூடாது. மண் போயிருப்பது பள்ளத்தாக்குப் பக்க ஓரத்தில்தான்.

2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்த அந்த நாட்களைப் பார்த்தவர்கள், ரோட்டில் இப்படி ஒரு விரிசலைக் கண்டால் வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்ப்பார்கள், பின்னால் எத்தனை ஹாரன் அடித்தாலும் சரி. பக்கத்து ஊர் ஜீப் டிரைவர் ஒருவர் விரிசலுக்கு இரண்டு பக்கமும் ஆணியால் கோடு போட்டுவிட்டுப் போவார், மறுநாள் காலையில் இரண்டு கோட்டுக்கும் நடுவே தூரம் கூடியிருக்கிறதா என்று வந்து பார்ப்பார். அவருக்கு யாரும் அதைச் சொல்லிக் கொடுத்ததாகத் தெரியவில்லை.

வடகிழக்குப் பருவமழை நேரத்தில் இதைப் பார்த்தால் மாவட்ட நிர்வாகத்தின் கட்டணமில்லா எண் 1077. கூப்பிட்டு “ரோட்டுல பள்ளம் இருக்கு” என்று சொன்னால் அவர்கள் என்ன நினைப்பார்கள் என்று இவ்வளவு நேரம் படித்த உங்களுக்கே தெரியும், குழிக்கு மண் போட லிஸ்டில் எழுதிக்கொள்வார்கள். “ரோடு இறங்கியிருக்கு, பள்ளத்தாக்கு ஓரத்துல விரிசல் விட்டிருக்கு, எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் நடுவுல, எந்தக் கொண்டை ஊசி வளைவுக்குப் பக்கம்” என்று இந்த வரிசையில் சொல்லுங்கள். வளைவு நம்பர் போர்டில் எழுதியிருக்கும், வண்டியைத் திருப்புவதற்கு முன்னால் அதைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.